பிட்காயின் மெஷின் வாங்க முன் பேஸ்மென்டைத் தயார் செய்யுங்கள்

போன நவம்பரில் பழைய அன்ட்மைனர் எஸ்19 ஒன்றை, அதாவது இடைவிடாமல் கணக்குப் போட்டுப் பிட்காயின் ஈட்டும் மெஷின் ஒன்றை, வாங்கிக்கொண்டு வந்து பேஸ்மென்டில் இறக்கினேன். அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது ஜனவரி நடுப்பகுதியில்தான். இடையில் போன பத்துக் கிழமைகளில் மெஷினில் ஒரு பிழையும் இருக்கவில்லை. கரண்ட், காற்று, சத்தம் மூன்றையும் முதலில் யோசிக்காமல் மெஷினை முதலில் வாங்கியதுதான் பிழை. அந்த வரிசையை மாற்றிச் செய்தால் இப்படிக் காலம் வீணாகாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்கார்பரோவில், ஒரு செமி வீட்டில். கீழே சொல்வது ஒன்ராறியோவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். கொண்டோவில் இருந்தால் இந்த மெஷினைத் தொட வேண்டாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் தொடங்க வேண்டாம். கரண்ட் அவருடைய பில்லில் போகிறதென்றால் பிரச்சினை நிச்சயம் வரும்.

1. முதலில் ஹைட்ரோ பில்லை, அதாவது கரண்ட் பில்லை, எடுத்து வையுங்கள்

எஸ்19 இழுப்பது 3,250 வாட். 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 78 யூனிட். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இப்படி ஓட்டினால் நட்டம்தான். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கு, அதாவது மெஷின்கள் உறுதிப்படுத்தும் ஒரு தொகுதிப் பரிமாற்றங்களுக்கு, கிடைக்கும் பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகப் பாதியானது. அதற்குப் பிறகு எஸ்19 போன்ற பழைய மெஷின்களுக்கு மலிவான கரண்ட் இல்லாமல் வழியில்லை.

ஒன்ராறியோவில் அந்த மலிவான கரண்ட் இருக்கிறது, இரவில் மட்டும். மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை யூனிட்டுக்கு 3.9 சதம். இது 2025 நவம்பர் 1 முதல் உள்ள விலை. ஒவ்வொரு நவம்பர் முதலாம் திகதியும் விலை மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 26 யூனிட், அதாவது கரண்டுக்கு மட்டும் ஒரு டொலரும் ஒரு சதமும். இதற்கு மேல் விநியோகக் கட்டணம், ஒழுங்குமுறைக் கட்டணம், ஹெச்எஸ்டி என்ற விற்பனை வரி எல்லாம் சேரும். மாகாணத்தின் தள்ளுபடி கழியும். உங்கள் கடைசிப் பில்லைப் பார்த்து யூனிட்டுக்கு மொத்தம் எவ்வளவு வருகிறதென்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பொறி எங்கே என்றால், இந்தத் திட்டத்துக்கு மாறினால் முழு வீடும் மாறுகிறது. வார நாட்களில் பின்னேரம் 4 மணியிலிருந்து இரவு 9 மணி வரை யூனிட்டுக்கு 39.1 சதம். எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவதே அந்த நேரத்தில்தான். கரண்ட் அடுப்பு வைத்திருப்பவர்கள், பின்னேரம் உடுப்புத் தோய்க்கிறவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மெஷினை அந்த ஐந்து மணி நேரம் மறந்துபோய் ஓட விட்டால் 6 டொலர் 35 சதம். ஆறு இரவுகள் ஓட்டுகிற கரண்ட் காசு ஒரே பின்னேரத்தில் போய்விடும்.

திட்டத்தை மாற்றக் கரண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும், காசு இல்லை. உடனே மாறாது, அதனால் மெஷின் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே நிரப்புங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். மெஷின் இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 3,250 வாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 11,000 பிடியு. 1,500 வாட் ஹீட்டர் இரண்டை ஒன்றாகப் போட்டதை விடக் கொஞ்சம் கூட. அதனால் நான் இதை உழைக்கிற மெஷினாகப் பார்ப்பதில்லை. பேஸ்மென்டைச் சூடாக்கிக்கொண்டு கரண்ட் காசில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிற ஹீட்டராகப் பார்க்கிறேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டுகிறேன், அவ்வளவுதான். பணக்காரராகும் எண்ணத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தக் காசை வேறு எதிலாவது போடுங்கள்.

2. 240 வோல்ட் இணைப்பு

எஸ்19 சுவரில் உள்ள சாதாரண 120 வோல்ட் பிளக்கில் வேலை செய்யாது. அதன் பவர் சப்ளைக்கு 200 முதல் 240 வோல்ட் வேண்டும். அடப்டர் வைத்து ஏமாற்ற முடியாது. எனக்கு இது தெரியவந்தது மெஷின் வீட்டுக்கு வந்து, பெட்டி பிரித்த பிறகு.

கணக்கு இதுதான். 240 வோல்ட்டில் 3,250 வாட் என்றால் 13.5 ஆம்பியர். மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடும் சுமை பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 ஆம்பியர் பிரேக்கர் 16 ஆம்பியர் வரை தாங்கும், அதனால் போதும். பின்னால் இரண்டாவது மெஷின் வரலாம் என்று நினைத்தாலும், இப்போது ஒன்றுக்குப் போதுமான தனி லைனைப் போடுங்கள். 20 ஆம்பியருக்கு 12 கேஜ் செம்பு வயர், 30 ஆம்பியருக்கு 10 கேஜ். டிரையர் பிளக்கிலிருந்து பிரித்து எடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டிரையர் ஓடும்போது மெஷினும் ஓடினால் பிரேக்கர் விழும். விழாமல் வயர் சூடாவது அதைவிட மோசம்.

பழைய வீடுகளில் மொத்தமே 100 ஆம்பியர் பேனல்தான் இருக்கும். கார் சார்ஜரும் கரண்ட் அடுப்பும் ஏற்கனவே இருந்தால் இடம் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்தவர் பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னார், செய்தும் தந்தார். இரண்டாம் நாள் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. நான்காம் நாள் கை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே திருகாணி இறுகவில்லை, வயரின் உறை பழுப்பாகியிருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டு முழுவதையும் திரும்பச் செய்தேன்.

ஒன்ராறியோவில் காசு வாங்கிக்கொண்டு வீட்டு வயரிங் செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும். அவருடைய உரிம இலக்கம் வாகனத்திலும் விலைச்சீட்டிலும் இருக்கும். அந்த இலக்கத்தை மின் பாதுகாப்பு அதிகார சபையின், எல்லோரும் இஎஸ்ஏ என்று சொல்வதுதான், தளத்தில் தேடிப் பாருங்கள். வேலைக்கான அறிவித்தலை அவரே அந்தச் சபைக்குப் போட வேண்டும். வேலை முடிந்ததும் சபையின் சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். அது வரும் வரை கடைசிப் பகுதிக் காசைக் கொடுக்காதீர்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 650 டொலர் போனது. பேனலுக்கும் மெஷினுக்கும் இடையில் தூரம் கூடினால் விலையும் கூடும். ஆள் வர இரண்டு கிழமை பிடித்தது.

அப்புறம், மெஷினுக்குப் போகும் கேபிள்கள். எஸ்19-க்கு இரண்டு வேண்டும், இரண்டையும் செருக வேண்டும். கணினிக்கு வரும் மெல்லிய வயரைப் பயன்படுத்தாதீர்கள், 14 கேஜ் வயராகப் பார்த்து வாங்குங்கள். முதல் கிழமை தினமும் ஒரு தடவை பிளக்கையும் கேபிளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதிலை அச்சடித்து, சான்றிதழோடு ஒரே கோப்பில் வையுங்கள். தீ விபத்து என்று வந்தால் அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

3. இடம்

கொங்கிரீட் தரையில் வையுங்கள், அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று. சுவரில் பொருத்திய தட்டில் வைத்தால் அதிர்வு மரச்சட்டங்கள் வழியாக மேலே ஏறும். செமி வீட்டில் பொதுச்சுவர்ப் பக்கம் வைக்கவே கூடாது. நான் வைத்த இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினார். தன் வீட்டு ஃபர்னஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்து, எங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கேட்க வந்திருந்தார். அன்று பின்னேரமே மெஷினை மறுபக்கச் சுவருக்கு மாற்றினேன்.

உடுப்புத் தோய்க்கும் அறை வேண்டாம். டிரையரிலிருந்து பறக்கும் துணிப்பஞ்சை மெஷின் உறிஞ்சும். மூன்று கிழமையில் விசிறிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பஞ்சுத்தாள் படிந்திருந்தது. விரலால் பிடித்து உரித்தால் முழுதாக வந்தது. சமையலறை எண்ணெய்ப் புகை வரும் இடமும் கூடாது.

4. காற்று

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள், இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது.

மெஷின் ஒரு பக்கத்தால் குளிர்ந்த காற்றை இழுத்து மறுபக்கத்தால் சூடான காற்றைத் தள்ளுகிறது. வெளியே தள்ளியது திரும்ப உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் குளிரூட்டலின் முழு வேலையும். சின்ன அறையில் கதவைச் சாத்தி வைத்தால் இருபது நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும். உள்ளே போகும் காற்று 40 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நான் 35-இல் நிறுத்திவிடுவேன். பத்து டொலர் வெப்பமானி ஒன்றை மெஷின் காற்றை இழுக்கும் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அறையின் நடுவில் வைத்தால் உண்மை தெரியாது.

குளிர்காலத்தில் சூட்டை வெளியே விடுவது வீண். சூடான காற்று வரும் பக்கத்துக்கு, இரண்டு 120 மில்லிமீற்றர் விசிறிகளை 8 அங்குலக் குழாயோடு இணைக்கும் மூடி ஒன்று போட்டு, அதிலிருந்து காப்புறை போட்ட நெளிகுழாயைப் பேஸ்மென்டின் திறந்த பகுதிக்கு இழுத்துவிடுங்கள். குழாயின் வாயை ஃபர்னஸ் காற்றைத் திரும்ப இழுக்கும் துவாரத்துக்கு ஓரிரு மீற்றர் தள்ளி வைத்து, தெர்மோஸ்டாட்டில் விசிறியை மட்டும் ஓட விட்டால், சூடு மேல் மாடி வரைக்கும் போகும். குழாயை ஃபர்னஸ் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது. வீட்டுக் காற்றோட்டத்தின் சமநிலை கெடும், விதிப்படியும் பிழை.

வெளியே மைனஸ் 15 என்பதால் ஜன்னலிலிருந்து நேராகக் காற்றை மெஷினுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உறைநிலைக்குக் கீழே மெஷின் தொடங்க மறுக்கும். மெஷினுக்குள் இருக்கும் குளிர்ந்த சிப் பலகைகளில் பேஸ்மென்டின் ஈரம் நீராகப் படியும்.

இப்போது நான் சொன்ன அந்த விஷயம். காற்றை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் பேஸ்மென்டில் உள்ள காஸ் வோட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வரும். மேலே போக வேண்டிய கார்பன் மோனொக்சைட் வீட்டுக்குள் இறங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. புகைக்குழாய் இயற்கையாக மேலே இழுக்கும் பழைய வகை ஹீட்டர்களில்தான் இந்த ஆபத்து அதிகம். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் காஸ் தொழில்நுட்பரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெளியே தள்ளும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், காற்று உள்ளே வர இன்னொரு ஜன்னல் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். மெஷின் இருக்கும் மாடியிலும் படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் கார்பன் மோனொக்சைட் அலாரம் வையுங்கள், மாதம் ஒரு தடவை பொத்தானை அமத்திச் சோதியுங்கள். பேஸ்மென்டில் ஆட்கள் படுக்கிறார்கள் என்றால், என்னைக் கேட்டால், காற்றை வெளியே தள்ளும் ஏற்பாடே வேண்டாம்.

5. சத்தம்

தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு 75 டெசிபெல். வக்யூம் கிளீனர் ஒன்று விடிய விடிய நிற்காமல் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அளவை விடத் தொனிதான் தொல்லை. உயர்ந்த சுருதியில் ஒரே சீராக வரும். முதல் இரவு நான் பேஸ்மென்ட் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தேன், சமையலறையில் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் அறையில் மட்டும் கேட்டது. அவள் கட்டிலுக்குப் பின்னால் இருந்த காற்றுத் துவாரம் குழல் மாதிரி சத்தத்தை நேராக மேலே கொண்டுவந்திருந்தது. ஆகவே சோதிக்கும்போது ஒவ்வொரு அறையிலும் துவாரத்துக்குப் பக்கத்தில் காது வைத்துக் கேளுங்கள், நள்ளிரவில்.

பெட்டி கட்டுவதற்கு முன் மெஷினின் வேகத்தைக் குறையுங்கள். காசு செலவில்லாமல் அதிகம் பலன் தருவது அதுதான். பிரெய்ன்ஸ் ஓஎஸ் போன்ற மென்பொருளைப் போட்டால், இத்தனை வாட்டுக்கு மேல் இழுக்காதே என்று கட்டுப்படுத்தலாம். நான் 2,000 வாட் வைத்திருக்கிறேன். 95 டெராஹாஷ் (மெஷின் கணக்குப் போடும் வேகத்தின் அளவு) கொடுக்க வேண்டியது 66 அளவில் கொடுக்கிறது. வேகம் 30 சதவீதம் போனது, கரண்ட் 38 சதவீதம் குறைந்தது. ஆகவே ஒவ்வொரு டெராஹாஷுக்கும் ஆகும் செலவு முன்னையதை விடக் குறைவு. சூடு குறைவதால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். விசிறியின் சுழற்சி பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும், இரண்டு அறை தள்ளி நின்றாலே அந்த வித்தியாசம் தெரியும். வேறு மென்பொருள் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பது உண்மை. பழைய மெஷினுக்கு அது பெரிய இழப்பில்லை, புதியதென்றால் யோசியுங்கள்.

வேகத்தைக் குறைக்காமல் விசிறியை மட்டும் அமைதியான விசிறியாக மாற்றுவதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே விலை கூடியது. அமைதியான விசிறி தள்ளும் காற்று குறைவு. முழு வேகத்தில் ஓடும் பலகைகள் வெந்துபோகும்.

வேகத்தைக் குறைத்த பிறகும் போதாதென்றால் பெட்டி. பிளைவுட், உட்பக்கம் டிரைவால், அதன்மேல் மினரல் வூல், இழை பறக்காமல் மேலே கண்ணாடியிழைத் துணி. முட்டை அட்டை வடிவத்தில் விற்கும் நுரைப்பஞ்சை ஒட்டாதீர்கள், பற்றினால் நொடியில் எரியும். காற்று போகும் வழியும் வரும் வழியும் நேராக இல்லாமல் இரண்டு தடவை வளைந்து போகட்டும். காற்று வளையும், சத்தம் சுவரில் மோதி அடங்கும். வளைவுகளால் காற்று குறையும் என்பதால் வெளிக்குழாயில் 8 அங்குல இன்லைன் விசிறி ஒன்று சேருங்கள். பெட்டி, குழாய், விசிறி எல்லாவற்றுக்கும் எனக்கு 310 டொலர் ஆனது, ஒரு சனி ஞாயிறு வேலை.

6. இப்போது மெஷின்

பழைய மெஷின் வாங்கும்போது அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அனுப்பும் வீடியோவை நம்பாதீர்கள். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மூன்று பலகைகளும் தெரிய வேண்டும். எஸ்19 என்றால் ஒவ்வொன்றிலும் 76 சிப் என்று காட்ட வேண்டும். எஸ்19 ப்ரோ என்றால் 114. ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். தொடர் இலக்கம் எழுதிய ரசீது கேளுங்கள். மெஷினின் உடம்பில் கனடாவில் ஏற்கப்படும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் மின்சாதனத்துக்கு அது கட்டாயம், காப்புறுதிக்காரரும் கேட்பார்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் எல்லையில் 13 சதவீத ஹெச்எஸ்டியும் கூரியர்காரரின் சுங்கக் கையாளல் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். விலை ஒப்பிடும்போது இரண்டையும் சேருங்கள்.

240 வோல்ட் போட முடியாதவர்கள் அவலோன் மினி 3-ஐப் பாருங்கள். 800 வாட், 37.5 டெராஹாஷ், ஹீட்டர் போலவே கட்டியிருக்கிறார்கள், சாதாரண பிளக்கில் ஓடும். இன்று தொடங்குவதாக இருந்தால் நான் அதில்தான் தொடங்கியிருப்பேன்.

7. இணையமும் பூலும்

எஸ்19-இல் வைஃபை கிடையாது, வயர் இழுக்க வேண்டும். ரௌட்டரில் மெஷினின் முகவரியைப் பார்த்து உலாவியில் தட்டினால் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே ரூட். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழைய மெஷினென்றால் அதற்கும் முன்னால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மென்பொருளை இறக்கிப் புதிதாக ஏற்றுங்கள். உங்கள் உழைப்பில் ஒரு பங்கை வேறொருவரின் கணக்குக்கு அனுப்பும் மென்பொருளோடு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பூலில், அதாவது பலருடைய மெஷின்கள் சேர்ந்து வேலை செய்து பரிசைப் பங்கிடும் கூட்டில், சேரும்போது எஃப்பிபிஎஸ் முறையில் கொடுக்கும் பூலைத் தெரிவு செய்யுங்கள். பூலுக்கு அன்று பிளாக் கிடைத்ததோ இல்லையோ, நீங்கள் செய்த வேலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். எங்களைப் போல எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆகக் குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் அனுப்புவார்கள் என்று பாருங்கள். அந்த எல்லை உயரமாக இருந்தால் மாதக்கணக்கில் உங்கள் காசு அவர்களிடமே கிடக்கும்.

இரவு 11-க்குத் தொடங்கி காலை 7-க்கு நிறுத்துவதை மென்பொருளில் நேர அட்டவணையாகப் போடுங்கள். சுவரில் டைமர் வைத்துக் கரண்டை வெட்டினால் விசிறியும் அதே நொடியில் நிற்கும், சூடு உள்ளேயே தேங்கும். நான் 6:50-க்கு நிறுத்துகிறேன். பத்து நிமிடத்தில் விசிறி பலகைகளைக் குளிரவைத்துவிடும், கட்டணம் மாறும் முன் எல்லாம் முடிந்துவிடும்.

8. வரிக்கான பதிவு

பூலிலிருந்து காசு வந்த ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: திகதி, பிட்காயின் அளவு, அன்றைய கனேடிய டொலர் மதிப்பு, எந்த வாலட்டுக்கு (பிட்காயினை வைத்திருக்கும் கணக்கு) வந்தது. வருமான வரி முகவரகம் இதை வியாபாரமாகப் பார்க்கலாம், பொழுதுபோக்காகவும் பார்க்கலாம், வரி அதற்கேற்ப மாறும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள், ஆனால் பதிவு இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. வியாபாரமாகப் பதிந்தால் மெஷினுக்குக் கட்டிய ஹெச்எஸ்டியைத் திரும்பப் பெறலாம் என்று சிலர் சொல்வார்கள். 2023-இல் வந்த சட்டத்தின்படி பிட்காயின் மைனிங்குக்குப் பொதுவாக அது கிடையாது. அந்த 13 சதவீதத்தைச் செலவாகவே எழுதிவிடுங்கள்.

9. ஏப்ரல் கடைசியில்

பேஸ்மென்டில் சூடு தேவைப்படாத நாள் வந்ததும் நிறுத்துங்கள். ஏசி போட்டுக்கொண்டு மெஷினை ஓட்டினால் ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை காசு கட்டுகிறீர்கள். கரண்டைக் கழற்றி, மெஷினை வெளியே பின்வளவுக்குக் கொண்டுபோய், காற்றூதியால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊதுங்கள். ஊதும்போது விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் 14 கிலோ அளவு பாரம், படியேறும்போது இரண்டு பேர் பிடியுங்கள். பிறகு இரண்டு வாயையும் துணியால் மூடி, தரையில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள். ஜூன், ஜூலையில் பேஸ்மென்ட் தரை வியர்க்கும்.